அதே உயரம்தான் குதிக்கிறான், ஆனால் களைத்திருக்கிறான்

எங்கள் ஊர் வாலிபால் மைதானத்தை ஒட்டி ஒரு பழைய குடோன் சுவர் இருக்கிறது. ஒன்பது அடிக்கு மேலே அண்ணாந்து பார்த்தால் சாக்பீஸ் தடங்கள் கொத்துக் கொத்தாய்த் தெரியும். வாரத்தின் முதல் பயிற்சி அன்றைக்குப் பையன்கள் விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்துக்கொண்டு சுவரோரம் நிற்பார்கள். நின்ற இடத்திலேயே முழங்காலை மடக்கி எம்பி, எட்டுகிற உயரத்தில் ஒரு தட்டு. தடம் போன வாரத்து இடத்திலேயே விழுந்தால் கால் தேறிவிட்டது என்று கணக்கு. கீழே விழுந்தால் களைப்பு. இந்தச் சோதனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர் 1921-ல் எழுதிவைத்தது. எங்கள் கோச்சுக்கு சார்ஜென்டைத் தெரியாது. தன்னுடைய கோச் செய்ததை அவரும் செய்கிறார்.

போன வருஷம் பக்கத்து ஊரில் இரண்டு ராத்திரி மின்னொளிப் போட்டி. இறுதி ஆட்டம் ஐந்து செட் இழுத்து, முடியும்போது விடிய ஆரம்பித்துவிட்டது. திங்கள்கிழமை சாயங்காலம் எங்கள் முக்கியமான அட்டாக்கர் வந்து குதித்தான். தடம் பழைய தடத்தின் மேலேயே விழுந்தது. “கால் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்டா போஸ்ட்ல சாஞ்சுக்கிட்டே நிக்கிற?” என்றார் கோச். “கனமா இருக்கு சார்” என்றான். கோச் சுவரைக் காட்டினார். சுவரே சொன்ன பிறகு பையன் பேச்சு எடுபடுமா?

அன்றைக்கு அதை நான் செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்திருந்தேன். நொடிக்கு 240 ஃப்ரேம். பாதம் தரையை விட்ட ஃப்ரேமிலிருந்து திரும்பத் தொட்ட ஃப்ரேம் வரை எண்ணினால் 153, அதாவது 0.64 நொடி காற்றில். முந்தைய வாரத்து வீடியோவிலும் அதேதான். இது வரைக்கும் சுவர் சொன்னது சரி. ஆனால் குனிய ஆரம்பித்ததிலிருந்து பாதம் தரையை விடுகிற வரை எண்ணினால் முந்தைய வாரம் 168 ஃப்ரேம், இந்தத் திங்கள் 192. முன்பு 0.7 நொடியில் சேர்த்த வேகத்தைச் சேர்க்க இப்போது 0.8 நொடி ஆகிறது. குனிய ஆரம்பிக்கும் ஃப்ரேமைக் கண்ணால் பிடிப்பதில் நாலைந்து முன்பின் ஆகும்தான். 24 ஆகாது.

பையன் களைத்துத்தான் இருந்தான். உடம்பு அதை உயரத்தில் காட்டாமல் நேரத்தில் காட்டியது.

ஏன் இப்படி என்று புரிய, களைப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்ற உடலியல் பேராசிரியர் இதற்காகவே ஒரு கருவி செய்தார். நடுவிரலில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு எடை. விரலை மடக்கி மடக்கி அதைத் தூக்க வேண்டும்; ஒவ்வொரு தூக்கலும் கோடாகப் பதிவாகும். கோடுகள் குட்டையாகிக்கொண்டே போய்க் கடைசியில் விரல் அசையாது. வேடிக்கை என்னவென்றால், நாள் முழுக்க வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்த பேராசிரியரின் விரலும் சீக்கிரமே ஓய்ந்துபோனது. விரலுக்கு அன்று வேலையே இல்லை, மூளைக்குத்தான் வேலை. களைப்பில் ஒரு பங்கு தலையிலும் தண்டுவடத்திலும் இருக்கிறது, இன்னொரு பங்கு தசைக்குள் இருக்கிறது என்ற பிரிவினை அப்போதே தலைகாட்டிவிட்டது.

தசைக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நரம்பு வழியே மின்துடிப்பு வருகிறது. அது தசை நாருக்குள் இருக்கும் சேமிப்பறைகளிலிருந்து கால்சியத்தை வெளியே விடுகிறது. கால்சியம் வந்தால்தான் நாருக்குள் இழைகள் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். திரும்பத் திரும்ப வேலை வாங்கும்போது பாஸ்பேட் சேர்கிறது, தசை சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தீர்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே வரும் கால்சியத்தின் அளவு குறைகிறது. டென்மார்க்கில் கால்பந்து வீரர்களின் தொடையிலிருந்து துளி தசை எடுத்துப் பார்த்தபோது, ஒரே ஒரு ஆட்டம் முடிந்ததும் தசை நார்களில் ஏறக்குறைய பாதி, கிளைகோஜன் காலியாகவோ காலியாகும் நிலையிலோ இருந்தன.

இதில் நம் கதைக்கு வேண்டிய கண்டுபிடிப்பு 1977-ல் வந்தது. ரிச்சர்ட் எட்வர்ட்ஸும் அவருடைய குழுவினரும் களைத்த தசைக்கு வெளியிலிருந்து மின்துடிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். நொடிக்கு 50-க்கு மேல் துடிப்பு கொடுத்தால் தசை ஏறக்குறைய பழைய பலத்தைக் காட்டியது. நொடிக்கு 20 என்று இறக்கினால் பலம் கணிசமாய்க் குறைந்திருந்தது. இந்தக் குறை மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்தது. முழு மூச்சாய் ஒரு தடவை கேட்டால் தசை கொடுத்துவிடும். சாதாரணமாய்க் கேட்டால் கொடுக்காது. நடப்பது, நிற்பது, மெதுவாய் ஓடுவது எல்லாம் குறைந்த துடிப்பில் நடக்கிற வேலைகள். அதே வேலைக்கு மூளை இப்போது அதிகமாய்க் கத்த வேண்டியிருக்கிறது. “கால் கனமா இருக்கு” என்று பையன் சொன்னது அதைத்தான்.

இடையில் ஒன்று. ஜிம்மிலும் மைதானத்திலும் “லாக்டிக் ஆசிட் சேந்துடுச்சு” என்று சொல்லாதவர் இல்லை. ஆட்டத்தில் உருவாகும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் படி இறங்க விடாமல் செய்கிற வலிக்கு அது காரணம் இல்லை. தசை நீண்டுகொண்டே பிரேக் போடும்போது நார்களில் விழும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும்தான் அதற்கு முக்கியக் காரணம். வாலிபாலில் ஒவ்வொரு பிளாக்குக்குப் பிறகும் தரையில் இறங்குவது, கால்பந்தில் வேகமாய் ஓடி நின்று திரும்புவது, வேகப்பந்து வீச்சாளர் முன்காலை ஊன்றுவது எல்லாம் பிரேக்தான். குழு விளையாட்டுகளின் களைப்பு மாரத்தான் களைப்பிலிருந்து கொஞ்சம் வேறாய் இருப்பதற்கு இது ஒரு காரணம்: தூரம் குறைவு, பிரேக் அதிகம்.

குதித்து அளக்கும் யோசனையைப் பெரிய அணிகள் ஃபோர்ஸ் பிளேட்டில் செய்கின்றன. பார்க்க எடை பார்க்கும் மிஷின் மாதிரி தட்டையாய் இருக்கும். தரையைப் பாதம் எவ்வளவு விசையோடு அழுத்துகிறது என்று நொடிக்கு ஆயிரம் தடவை குறித்துக்கொள்ளும். இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, மடக்கி, குதிக்க வேண்டும். உயரத்தைக் காற்றில் இருந்த நேரத்திலிருந்து கணக்கிடலாம்: நேரத்தை நேரத்தால் பெருக்கி, 9.81-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் மீட்டரில் உயரம். எங்கள் பையனுடைய 0.64 நொடிக்கு 50 சென்டிமீட்டர் வருகிறது, சுவர் சொன்னதுக்கு ரொம்பத் தள்ளி இல்லை.

ஆனால் உயரம் மட்டும் போதாது என்பதை ஊரறியச் சொன்னவர்கள் ஆஸ்திரேலியர்கள். அவர்களுடைய சொந்தக் கால்பந்து, நீள்வட்டப் பந்தை வைத்து ஆடுவது, வீரர்களை ஓட ஓட விரட்டுகிற ஆட்டம். ஸ்டுவர்ட் கார்மக்கும் சகாக்களும் ஒரு தொழில்முறை அணியை ஒரு சீசன் முழுக்கக் குதிக்கவைத்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் பிடித்த அளவுகோல் எளிமையானது: காற்றில் இருந்த நேரத்தைக் குதிக்கத் தயாரான நேரத்தால் வகுப்பது. அளந்த தடவைகளில் பாதிக்கு மேல் இந்த விகிதம் சீசனுக்கு முந்தைய அளவைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்திருந்தது. எங்கள் பையனுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், முந்தைய வாரம் 0.64-ஐ 0.70-ஆல் வகுக்க 0.91, திங்கள்கிழமை 0.64-ஐ 0.80-ஆல் வகுக்க 0.80. உயரத்தில் மாற்றமே இல்லாதவனுக்கு இந்த விகிதத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது.

அதே கார்மக் பின்னால் இன்னொன்றையும் காட்டினார். இந்த விகிதம் தாழ்ந்திருந்த வீரர்கள் ஆட்டத்தில் இறங்கியபோது, மேலும் கீழுமான அசைவின் பங்கு அவர்களிடம் குறைந்திருந்தது. துள்ளல் போய், ஓட்டம் சற்றுத் தரையோடு ஒட்டியதாகிவிடுகிறது. வேலையை உடம்பு விட்டுவிடுவதில்லை, செய்யும் முறையை மாற்றிக்கொள்கிறது. வயல்வேலை செய்கிறவரின் மதியநேர நடையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கோல் போட்டுவிட்டு ஜெர்ஸியைக் கழற்றும் கால்பந்து வீரர்களின் உடம்பில் தெரியுமே, மார்பளவு கறுப்புச் சட்டை, அதன் முதுகுப்பக்கப் பையில் உள்ள கருவியிலிருந்து. தோள்பட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். உள்ளே ஜிபிஎஸ்ஸும் அசைவை அளக்கும் உணரிகளும். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தொழில்நுட்பம். கால்பந்தின் விதிகளை வகுக்கும் அமைப்பு 2015-ல் இதை ஆட்டத்துக்குள்ளேயே அணிய அனுமதித்தது. எத்தனை கிலோமீட்டர், அதில் எவ்வளவு தலைதெறிக்க ஓடியது, எத்தனை தடவை சடாரென்று நின்றது, எல்லாம் வந்துவிடும்.

வருவதெல்லாம் செய்த வேலையின் கணக்கு. அந்த வேலை உடம்பிடமிருந்து என்ன விலை வாங்கியது என்பது அதில் இல்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு பேர் பத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓடியிருப்பார்கள். ஒருவன் நன்றாகத் தூங்கி எழுந்தவன், இன்னொருவன் காய்ச்சலிலிருந்து மீண்டு மூன்றாம் நாள். கருவிக்கு இரண்டும் ஒன்று. பெரிய அணிகளிலேயே இந்த வித்தியாசத்தை மறந்து, ஸ்கிரீனில் பச்சை விளக்கு எரிந்தால் ஆள் ரெடி என்று எடுத்துக்கொள்கிற பழக்கம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நம்மூர் கிரிக்கெட் ரசிகர்கள் வாதாடுகிற யோ-யோ டெஸ்டையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பீப் சத்தத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக்கொண்டே ஓடித் திரும்புகிற சோதனை அது, டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ உருவாக்கியது. இந்திய கிரிக்கெட் வாரியம் 2023 ஜனவரியில் அணித் தேர்வுக்கான அளவுகோல்களில் ஒன்றாக மறுபடி சேர்த்தது. ஒரு ஆளின் உடல்தகுதி எவ்வளவு என்று அது சொல்லும். இன்றைக்கு அவர் களைத்திருக்கிறாரா என்று கேட்டால் அது பதில் சொல்ல வந்ததே இல்லை. போதாததற்கு, அந்தச் சோதனையே ஆளைக் களைக்கவைத்துவிடும்.

ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியைப் பார்ப்பது இன்னொரு வழி. தசை சேதப்பட்டால் அது ஏறும். ஆளுக்கு ஆள் அளவு மலைக்கும் மடுவுக்கும் இருப்பதால், வாராவாரம் விரலில் குத்துவதற்கு உண்டான பலன் குறைவு.

சரி, எல்லாவற்றையும்விட மலிவான கருவி எது? கேள்வி.

ஸ்வீடனின் குன்னர் போர்க், உழைப்பை ஆள் எவ்வளவு கடினமாக உணர்கிறார் என்பதற்கு எண் கொடுக்கலாம் என்று காட்டியவர். அதை எடுத்துக்கொண்டு அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் ஒரு எளிய பெருக்கலைச் சொன்னார். பயிற்சி முடிந்து சுமார் அரைமணி கழித்து, “இன்னிக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு, பத்துக்கு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். வருகிற எண்ணை நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடம், 7 என்றால் 630. அரைமணி ஏன் என்றால், கடைசியாய் ஓடவிட்ட ஓட்டத்தின் கோபம் அடங்கிய பிறகு முழுப் பயிற்சிக்கான எண் வரும் என்பதற்காக. இதோடு காலையில் நாலு கேள்விகள்: தூக்கம் எப்படி, மனசு எப்படி, களைப்பு எப்படி, உடம்பு வலி எப்படி. 1995-ல் ஆஸ்திரேலியாவின் ஹூப்பரும் மெக்கினனும் முன்வைத்த வழி இது.

கருவி வாங்கியவர்களுக்குக் கசக்கும் செய்தி ஒன்று உண்டு. வீரர் தானே சொல்லும் பதில்களையும் ரத்தம், நாடி போன்ற அளவுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை எல்லாம் ஒன்றாய்ச் சேர்த்து 2016-ல் ஒரு மதிப்பாய்வு வந்தது. பயிற்சிப் பளு ஏறி இறங்குவதை அதிகத் துல்லியமாகக் காட்டியது வீரர் சொன்ன பதில்தான்.

ஆனால் பதில் உண்மையாய் இருக்க வேண்டும். “களைப்பா இருக்கு”ன்னு சொன்னால் அடுத்த ஆட்டத்தில் பெஞ்சு என்று தெரிந்தவன் எதற்குச் சொல்வான்? ஒரு பையன் மூன்று வாரம் தொடர்ந்து எல்லாக் கேள்விக்கும் “நல்லா இருக்கேன்” என்றே எழுதிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். நாலாவது வாரம் ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படிவத்தை அணி முழுக்கப் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டியது ஒரு தப்பு. பதிலை வைத்து யாரையாவது தண்டித்தது அதைவிடப் பெரிய தப்பு. கேள்வி கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வருகிறது. பரிசோதனைக்கூடக் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதற்காகத்தான் குதித்துப் பார்ப்பதும் கூடவே வேண்டியிருக்கிறது.

களைப்பு உடனே தெரியாமல் தள்ளிப்போட்டு வசூலிக்கும் என்பதற்கு வேகப்பந்து வீச்சாளர்களைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் மருத்துவரான ஜான் ஆர்ச்சர்டும் குழுவினரும் 2009-ல் சொன்னது இது: ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரங்களில் காயம் ஏற்படும் வாய்ப்பு அதிகம். அன்றைக்கு இல்லை, மறுநாள் இல்லை, அடுத்த மூன்று வாரத்தில். களைத்த தசை தாங்க வேண்டிய அதிர்ச்சியை எலும்பும் தசைநாணும் வாங்கிக்கொள்வதும், அவை சேதத்தைக் காட்ட நேரம் எடுத்துக்கொள்வதும் இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

“ஒர்க்லோட் மேனேஜ்மென்ட்”, அதாவது பளுவைப் பார்த்து வீரருக்கு ஓய்வு கொடுப்பது, என்று கேட்டாலே டீக்கடையில் சிரிக்கிறார்கள். 2023-ஐ நினைத்துப் பாருங்கள். ஐபிஎல் இறுதி ஆட்டம் மே 29-ல் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் ஜூன் 7-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் ஆரம்பம். ஐபிஎல்லில் ஒரு வீச்சாளருக்கு ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 4 ஓவர். ஓவலில் ஆஸ்திரேலியாவின் முதல் இன்னிங்ஸ் மட்டும் 121.3 ஓவர் போனது. முகமது ஷமி அதில் 29 ஓவர் வீசினார். ஏழு ஆட்டத்து ஓவர்கள் ஒரே இன்னிங்ஸில். பளு அதிகம் என்பதைவிட, அது திடீரென்று ஏறியதுதான் கவலை.

இந்தத் திடீர் ஏற்றத்தை ஒரே எண்ணில் அடக்க முயன்றார் டிம் காபட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர். இந்த வாரத்துப் பளுவை, இந்த வாரத்தையும் சேர்த்த நாலு வாரச் சராசரியால் வகுக்க வேண்டும், 0.8 முதல் 1.3 வரை நல்லது, 1.5 தாண்டினால் ஆபத்து என்று 2016-ல் அவர் எழுதியதும் உலகம் முழுக்க அணிகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு எதிர்ப்பு வந்தது. இந்த வாரத்துப் பளு, வகுபடும் எண்ணிலும் இருக்கிறது, வகுக்கும் சராசரிக்குள்ளும் இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் இடையே இல்லாத உறவு இருப்பதுபோலத் தோன்றும். ஃப்ராங்கோ இம்பெல்லிஸெரி போன்ற ஆய்வாளர்கள், காயத்துக்கு இதுதான் காரணம் என்று காட்ட அந்த விகிதத்தால் முடியாது என்று அடித்துச் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மெதுவாய் ஏற்று, சடாரென்று ஏற்றாதே என்ற பழைய புத்திக்கு வகுத்தல் கணக்கு தேவையில்லை.

ஃபோர்ஸ் பிளேட் வாங்க முடியாத அணி என்ன செய்யலாம்? 240 ஃப்ரேம் எடுக்கிற செல்போன் ஒன்று போதும். போனைத் தரையோடு தரையாக, பாதத்துக்கு நேரே வைக்க வேண்டும். ஒரே நேரம், அதே ஷூ, அதே வார்ம்-அப், மூன்று குதிப்பு. கால்பந்து அணி என்றால் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக்கூடப் பயன்படுத்தலாம்: முள் 10-ஐக் காட்டும் வரை காற்றடித்து, படுத்திருப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே வைத்து நசுக்கச் சொன்னால் முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. இடுப்புக்கவட்டுத் தசைகளின் நிலை அதில் தெரியும். கபடியில் ரெய்டருக்கும் கார்னருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். எதைச் செய்தாலும் ஒருவனை அவனுடைய பழைய எண்ணோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். அவன் களைக்காத நாட்களில் நாலைந்து தடவை அளந்தால்தான் அவனுடைய எண் தானாகவே எவ்வளவு ஆடும் என்று தெரியும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு வெளியே போனால் மட்டும் கவனிக்கலாம்.

கவனித்து என்ன செய்வது? பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தப் பையனைக் குதிக்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். நின்றபடி சர்வீஸ், சர்வீஸ் எடுப்பது, ஜூனியர்களுக்குப் பந்து தூக்கிப்போடுவது. நெட் பக்கம் போகக் கூடாது. அவன் முணுமுணுத்தான், ஆனால் செய்தான். புதன் லீவு. வியாழன் சாயங்காலம் அதே இடத்தில் போனை வைத்து எடுத்தேன். குனிய ஆரம்பித்ததிலிருந்து தரையை விடும் வரை 171 ஃப்ரேம்.

கோச்சிடம் போனைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். “அதெல்லாம் சரி, சுவத்துல எங்க தொட்டான்?” என்றார்.